‘மொழிபெயர்க்க வந்தேன்’ என்று நான் சொல்லியிருக்கக் கூடாது

2022 அக்டோபர் கடைசி வாரத்தில், அமெரிக்காவின் டாலஸுக்கு வடக்கே ஒரு நூலகக் கூடத்தில், என் அம்மா வாக்களிக்கும் தொடுதிரைக்கு முன்னால் இருபது நிமிடம் தனியாக நின்றார். அப்போது அவருக்கு 77 வயது. முப்பது அடி தள்ளி, சுவரோரம் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டு முறை திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்புக்கு என்ன பொருள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கடைசியில் இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது. ஊழியர் ஒருவர் அதை எங்கே நுழைப்பது என்று கையால் காட்டினார். அம்மா நுழைத்துவிட்டு வந்தார். காரில் ஏறிய பிறகுதான் சொன்னார், “மூன்று இடத்தில் அழுத்தினேன். மற்றதெல்லாம் என்னவென்று புரியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். அந்த மூன்றும் யார் என்றும் தெரியாது.”

இதை எழுதுவதற்குக் காரணம், அன்று எனக்கு ஒரே ஒரு சொல் தெரியாமல் போனதுதான். பெற்றோரை இங்கே அழைத்து வந்து, குடியுரிமையும் வாங்கிக்கொடுத்து, ஆங்கிலம் படிக்கத் தெரியாத அம்மாவையோ அப்பாவையோ வாக்களிக்கக் கூட்டிப் போகிறவர்கள் என்னைப் போல் பலர் இருப்பார்கள். யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்கு ஆயிரம் டாலரும் அம்மாவுக்கு ஒரு வாக்கும் மிஞ்சியிருக்கும்.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். விருதுநகரில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய முதல் வாக்கு 1967இல், காமராசர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்ற அந்தத் தேர்தலில். யாருக்குப் போட்டீர்கள் என்று அப்பா சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா சொன்னதில்லை. சிரிப்பார், அவ்வளவுதான். அதன்பின் ஊரில் இருந்தவரை ஒரு தேர்தலையும் அவர் விட்டதில்லை. 2003இல் அண்ணன் மூலமாகப் பச்சை அட்டை வாங்கி இங்கே வந்தார், 2019இல் குடியுரிமை பெற்றார். 55 வயதைத் தாண்டி, பதினைந்து ஆண்டுகள் நிரந்தரக் குடியிருப்பாளராக இருந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு கிடையாது. வரலாறு, ஆட்சிமுறை பற்றிய கேள்விகளுக்குத் தாய்மொழியிலேயே பதில் சொல்லலாம். அதிகாரியின் எதிரே மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்து, அரசியல் சாசனம் என்றால் என்ன என்று அம்மா தமிழில்தான் சொன்னார். ஆங்கிலம் தெரியாது என்று தெரிந்தேதான் இந்த நாடு அவரைக் குடிமகளாக ஏற்றது. வாக்குச்சாவடியிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தது என் முதல் தவறு.

டெக்சஸில் 65 வயதைத் தாண்டியவர்கள் தபாலில் வாக்களிக்கலாம். அதைத்தான் முதலில் செய்தோம். ஆனால் 2021இல் வந்த புதிய மாநிலச் சட்டப்படி, உறையில் எழுதும் அடையாள எண் வாக்காளர் பதிவேட்டில் இருக்கும் எண்ணோடு பொருந்த வேண்டும். 2022 மார்ச்சில், கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் மாநிலம் முழுவதும் 24,000க்கும் மேற்பட்ட தபால் வாக்குகள் நிராகரிக்கப்பட்டன, ஏறத்தாழ எட்டில் ஒன்று. அம்மாவுடையதும் அதில் ஒன்று. “இனி தபால் வேண்டாம், நேரில் போய்ப் போடுவோம்” என்றார். அவருக்கு வாக்கு என்றால் வரிசையில் நிற்பதுதான்.

அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறார். நான் பக்கத்துக் கவுண்டியில், அதாவது நம் ஊர்க் கணக்கில் பக்கத்து மாவட்டத்தில், இருக்கிறேன். அண்ணனுக்கு வேலையில் விடுப்பு கிடைக்கவில்லை என்பதால் முன்கூட்டிய வாக்களிப்பு நாள்களில் ஒரு புதன்கிழமை நான் அழைத்துப் போனேன். மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஒப்பந்த வேலை என்னுடையது, ஒரு மணிக்கு 48 டாலர். அன்று ஐந்து மணி நேரம் போனது. அது பரவாயில்லை என்று நினைத்துத்தான் போனேன்.

மேசையில் இருந்தவர் நல்லவர்தான். இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் வில்லன் என்று யாரும் இல்லை. அம்மாவின் அட்டையைப் பார்த்தார், கையெழுத்து வாங்கினார், “நீங்கள்?” என்று என்னைக் கேட்டார். “நான் மகள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, மொழிபெயர்க்க வந்தேன்” என்றேன். ‘இன்டர்ப்ரெட்டர்’ என்ற சொல்லை என் வாயாலேயே சொன்னேன். அவர் ஒரு கையேட்டைப் புரட்டினார். இந்தக் கவுண்டியில் வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, பக்கத்துக் கவுண்டி என்றேன். அப்படியானால் உள்ளே வர முடியாது, மொழிபெயர்ப்பவர் இந்தக் கவுண்டியின் வாக்காளராக இருக்க வேண்டும் என்றார். தலைமை அலுவலரும் வந்து அதையே சொன்னார். பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். யாரோ பெருமூச்சு விட்டார். நான் ஒதுங்கிவிட்டேன். அலுவலகத்தில் நாற்பது பேர் கூட்டத்தில் வாதாடுகிறவள், அங்கே “சரி, நன்றி” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். மற்ற எல்லாவற்றையும்விட அந்த ‘நன்றி’தான் இன்றும் உறுத்துகிறது.

கைப்பேசியை எடுத்துச் சட்டத்தைத் தேடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். டெக்சஸில் வாக்களிக்கும் இடத்திலிருந்து நூறு அடிக்குள் கைப்பேசி பயன்படுத்தக் கூடாது. எந்த உதவி எண்ணை அழைக்கவும் வாகன நிறுத்துமிடத்துக்கு ஓட வேண்டும். நான் ஓடியிருந்தால், திரும்பி வருவதற்குள் அம்மா முடித்திருப்பார். ஆகவே எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானாலும் வீட்டிலேயே தெரிந்துகொண்டு, காகிதத்தில் அச்சிட்டு எடுத்துப் போங்கள். காகிதத்துக்குத் தடை இல்லை. வாக்காளரும் தன் குறிப்புத்தாளை உள்ளே கொண்டு போகலாம்.

அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் எங்கள் குடும்பத்துக்குக் குடியேற்ற விவகாரங்களைப் பார்த்த வழக்கறிஞரை அழைத்து, அரை மணி நேரத்துக்கு 250 டாலர் கொடுத்தேன். “இது என் துறை இல்லை” என்று சொல்ல அவருக்கு இருபத்தெட்டு நிமிடம் ஆனது. அந்தப் பணம் முழுக்க வீண். இதற்கென்றே இலவச எண்கள் இருக்கின்றன: வாக்காளர் பாதுகாப்புக்காகத் தன்னார்வ வழக்கறிஞர்கள் நடத்தும் 866-687-8683, அமெரிக்க நீதித் துறையின் வாக்குரிமைப் பிரிவு 800-253-3931, டெக்சஸ் மாநிலச் செயலர் அலுவலகம் 800-252-8683. கைப்பேசி கூடாது என்பதால் இவற்றையும் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

தன்னார்வ எண்ணில் பேசிய இளம்பெண்தான் முதலில் விளக்கினார். 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தில் பிரிவு 208 என்று ஒன்று இருக்கிறது, 1982இல் சேர்த்தது. பார்வையின்மை, உடல் இயலாமை, எழுதப் படிக்க இயலாமை ஆகிய காரணங்களால் உதவி தேவைப்படும் வாக்காளர், தான் விரும்பும் எவரையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். விலக்கு இரண்டே: அவருடைய முதலாளியோ முதலாளியின் ஆளோ கூடாது, அவருடைய தொழிற்சங்கத்தின் நிர்வாகியோ சங்கத்தின் ஆளோ கூடாது. எந்தக் கவுண்டி, எந்த ஊர் என்ற பேச்சே இல்லை. இது நாடு முழுவதற்கும் பொருந்தும். எந்த மொழிக்கும் பொருந்தும். ஒரு மொழியில் வாக்குச்சீட்டே அச்சிட வேண்டும் என்றால் அது வேறு பிரிவு, 203. அதற்கு அந்தக் கவுண்டியில் ஆங்கிலம் போதாத வாக்களிக்கும் வயதுக் குடிமக்கள் பத்தாயிரத்துக்கு மேல் அல்லது ஐந்து சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது போன்ற கணக்குகள் உண்டு. நியூயார்க்கின் குயின்ஸில் வங்காள மொழியில் வாக்குச்சீட்டு வந்தது அந்த வழியில்தான். தமிழர்கள் எங்கள் கவுண்டியில் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் 208க்கு எண்ணிக்கை தேவையில்லை. ஒரே ஒருவர் போதும்.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2014இல், இதே டெக்சஸில், ஆஸ்டினுக்கு அருகே வில்லியம்சன் கவுண்டியில், வங்காள மொழி பேசும் ஒரு தாய் தன் மகனோடு வாக்களிக்கப் போயிருக்கிறார். மகன் “மொழிபெயர்க்க வந்தேன்” என்றிருக்கிறார். பக்கத்துக் கவுண்டியின் வாக்காளர் என்பதால் அவரை அனுமதிக்கவில்லை. அச்சு அசலாக என் கதை, எட்டு ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. மாநிலச் சட்டத்தில் ‘உதவியாளர்’ என்றும் ‘மொழிபெயர்ப்பாளர்’ என்றும் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள். கவுண்டிக் கட்டுப்பாடு இரண்டாவதற்கு மட்டும். அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2017 ஆகஸ்டில், டெக்சஸுக்கும் பொறுப்பான கூட்டாட்சி ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு பிரிவு 208க்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது அந்தத் தாய் உயிருடன் இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, எங்கள் மேசையில் இருந்தவரிடம் இருந்ததோ பழைய பழக்கம்.

ஆகவே சொல் முக்கியம். ‘அசிஸ்டன்ஸ்’ என்று சொல்லுங்கள். “என் அம்மாவால் வாக்குச்சீட்டைப் படிக்க இயலாது. உதவிக்கு அவர் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.” இந்த இரண்டு வாக்கியங்கள் போதும். முடிந்தால் அம்மாவோ அப்பாவோ உங்களைக் கை காட்டி, தாங்களே அந்த ஒரு ஆங்கிலச் சொல்லைச் சொல்லட்டும். தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுடையது.

இனி பார்வையாளர் விஷயம். அந்த நூலகத்தில் நான் உண்மையில் தேடியது ஒரு பார்வையாளரைத்தான். நம் ஊரில் தேர்தல் என்றால் வெளிமாநில ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் தேர்தல் ஆணையத்தின் பார்வையாளராக வந்து இறங்குவார். தேவைப்பட்டால் வாக்கு எண்ணிக்கையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம்கூடச் சட்டப்படி அவருக்கு உண்டு. அமெரிக்காவில், அதுவும் சிறுபான்மையினரின் வாக்குக்காக இவ்வளவு இரத்தம் சிந்திய நாட்டில், அப்படி யாரும் இல்லாமலா இருப்பார்கள் என்று நினைத்தேன். இருந்தார்கள். 1965 மார்ச்சில் அலபாமாவின் செல்மாவில், வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்களைப் பாலத்தில் அடித்து நொறுக்கிய பிறகு, அதே ஆண்டு ஆகஸ்டில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட அந்த வாக்குரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவே கூட்டாட்சிப் பார்வையாளர்களைப் பற்றியதுதான். அவர்கள் வாக்குச்சாவடிக்கு உள்ளேயே நிற்கலாம், எண்ணும் இடத்துக்கும் போகலாம். யாரைத் திருப்பி அனுப்பினார்கள், யாருக்கு உதவி மறுத்தார்கள் என்று எழுதி நீதித் துறைக்குக் கொடுப்பார்கள். தெற்கில் கறுப்பின வாக்காளர்களுக்காகத் தொடங்கிய இந்த ஏற்பாடு, பின்னாளில் அரிசோனாவின் நவஹோ மக்களுக்கும் நியூயார்க்கின் சீனர்களுக்கும்கூடப் போனது. மிச்சிகனில் ஹாம்ட்ராம்க் என்ற சிற்றூரில் 1999இல் அரபு, வங்கதேச முகம் கொண்ட நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை மட்டும் நிறுத்தி, நீ குடிமகன்தான் என்று சத்தியம் செய் என்றார்கள். அதற்குப் பின் அங்கேயும் பார்வையாளர்கள் வந்தார்கள்.

நீதித் துறை எண்ணில் பேசியபோது நான் தெரிந்துகொண்டது, அந்தக் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது என்பதுதான். 2013 ஜூனில் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்தெந்தப் பகுதிகள் தனிக் கண்காணிப்புக்கு உட்பட்டவை என்று தீர்மானிக்கும் சூத்திரத்தை ரத்து செய்தது. 1975 முதல் டெக்சஸ் முழுவதும் அந்தப் பட்டியலில் இருந்தது. பட்டியல் போனதும், உள்ளே நிற்கும் உரிமையோடு பார்வையாளரை அனுப்புவதற்கு இனி நீதிமன்ற உத்தரவு தேவை என்று நீதித் துறையே முடிவுக்கு வந்தது. இப்போது பெரும்பாலும் வருகிறவர்கள் ‘கண்காணிப்பாளர்கள்’: நீதித் துறையின் சொந்த ஊழியர்கள். உள்ளூர் அதிகாரிகள் விட்டால்தான் அவர்கள் உள்ளே வர முடியும். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை 2024இல் நேரிலேயே பார்த்தோம். அந்த நவம்பரில் 27 மாநிலங்களில் 86 இடங்களுக்கு ஆள் அனுப்புவதாக நீதித் துறை அறிவித்தது. டெக்சஸில் எட்டு கவுண்டிகள். மாநிலம் வழக்குத் தொடுத்தது; கடைசியில் அவர்கள் வாக்குச்சாவடிக்கு வெளியேதான் இருப்பார்கள் என்று உடன்பாடு ஆனது. வெளியே நிற்கிறவருக்கு என் அம்மா தொடுதிரை முன்னால் நிற்பது எப்படித் தெரியும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது என் கருத்து. பார்வையாளர் வந்தாலே நமக்குப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். 2025 நவம்பரில் கலிபோர்னியாவின் ஐந்து கவுண்டிகளுக்கும் நியூஜெர்சியின் பஸைக் கவுண்டிக்கும், அங்குள்ள குடியரசுக் கட்சியினர் கேட்டதன் பேரில் நீதித் துறை ஆள் அனுப்பியது. கலிபோர்னியா ஆளுநர் அதை மிரட்டல் என்றார். அனுப்புகிறவர் யார், எதற்கு அனுப்புகிறார் என்பதைப் பொறுத்து அதே நாற்காலிக்குப் பொருள் மாறுகிறது. டெக்சஸ்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: பதினைந்து பதிவு பெற்ற வாக்காளர்கள் சேர்ந்து எழுத்தில் கேட்டால் மாநிலச் செயலர் தன் ஆய்வாளர்களை அனுப்புவார். சில நாள்களுக்கு முன்பே கேட்க வேண்டும். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பதினைந்து கையெழுத்துக்கு அலைந்தேன். ஒன்பதுதான் கிடைத்தது. பொங்கல் விழாவுக்கு முந்நூறு பேர் வருகிறார்கள்.

புகார் கொடுத்தேன். கவுண்டிக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, நீதித் துறையின் இணையப் படிவத்தில் ஒன்று. தேதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார்கள் என்று அன்றே எழுதி வைக்காததால் இரண்டாவது கடிதத்தில் நானே முரண்பட்டேன். நீங்கள் காரில் உட்கார்ந்தவுடன் எழுதிவிடுங்கள். கவுண்டியிலிருந்து ஆறு வாரம் கழித்து, ஊழியர்களுக்கு மீண்டும் பயிற்சி தரப்படும் என்று இரண்டு வரி வந்தது. நுழைத்த வாக்குச்சீட்டைத் திரும்ப எடுக்க வழியில்லை. அதற்கு முன்பாக இருந்திருந்தால் வழி இருந்தது: தவறாகக் குறித்த தாளை ஒப்படைத்துவிட்டு வேறு கேட்கலாம், டெக்சஸில் மொத்தம் மூன்று தாள் வரை தருவார்கள். அம்மா தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த அந்தக் கணத்தில் நான் எழுந்து போய் “இது தவறாகிவிட்டது, வேறு தாருங்கள்” என்று சொல்லியிருக்கலாம். கடிதம், அழைப்பு, அலைச்சல் என்று மேலும் பதினொரு மணி நேரம் போனது. வழக்கறிஞரோடு சேர்த்து ஆயிரத்துப் பதினெட்டு டாலர். கணக்குப் பார்த்த அண்ணன், “ஒரு வாக்குக்கு இவ்வளவு யாரும் கொடுத்ததில்லை, விருதுநகரில்கூட” என்றான்.

2024இல் வேறு மாதிரி போனோம். மூன்று வாரம் முன்பே கவுண்டித் தேர்தல் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பக்கத்துக் கவுண்டியில் வசிக்கும் மகள் பிரிவு 208இன்படி உதவலாமா என்று கேட்டேன். ஆம் என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த ஒரு வரியை அச்சிட்டேன். சட்டப் பிரிவையும் அச்சிட்டேன். கவுண்டியின் இணையதளத்தில் மாதிரி வாக்குச்சீட்டு கிடைக்கும். அதை வைத்து அம்மாவோடு நான்கு மாலைகள் உட்கார்ந்தேன். டெக்சஸின் வாக்குச்சீட்டு நீளமானது, இங்கே நீதிபதிகளுக்கும் தேர்தல் உண்டு, அவர்களே ஒரு பக்கம் வருவார்கள். கட்சிக்கு ஒரே அழுத்தாக அழுத்தும் வசதியையும் 2020 முதல் எடுத்துவிட்டார்கள். “சின்னம் இல்லாமல் எப்படிப் போடுவது? படிக்காதவர்களுக்காகத்தானே நம் ஊரில் சின்னம் வைத்தார்கள்” என்பது அம்மாவின் நிரந்தரக் குறை. ‘ரயில்பாதை ஆணையர்’ என்ற பதவியைக் கேட்டதும் மகிழ்ந்துபோனார். அந்த ஆணையம் எண்ணெய், எரிவாயுவைத்தான் கவனிக்கிறது, ரயிலுக்கும் அதற்கும் இப்போது தொடர்பில்லை என்றேன். “பெயரை மாற்றக்கூட ஆள் இல்லையா?” என்றார்.

கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்து, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போனோம். இந்த முறை அம்மா பெயரைச் சொல்வதற்கு முன்பே நான் பேசினேன்: உதவி, அவர் தேர்ந்தெடுத்தவர் நான், இதோ கடிதம். மேசையில் இருந்தவர் கடிதத்தைப் படிக்கக்கூட இல்லை. ஒரு படிவம் நீட்டினார்: என் பெயர், முகவரி, அம்மாவுக்கு என்ன உறவு, இதற்குப் பணம் வாங்கினேனா. பிறகு உறுதிமொழி, பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற எச்சரிக்கையோடு. எப்படி வாக்களிக்க வேண்டும் என்று சொல்லாலோ சைகையாலோ உணர்த்த மாட்டேன் என்பது அதில் முக்கியமானது. இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். ஆனால் உள்ளே போனபின் வாக்குச்சீட்டில் இருப்பதைத் தவிர ஒரு சொல்லும் பேசாதீர்கள். அலசல் எல்லாம் வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

திரைக்கு முன்னால் நின்றதும் அம்மா மெதுவாகச் சொன்னார், “நீ படி. மேலே யார், கீழே யார் என்று மட்டும் சொல். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்.” நான் படித்தேன், நூலகத்தின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவர் அழுத்தினார், “ம்” என்றார். அடுத்ததைப் படித்தேன். ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது. யாரும் பெருமூச்சு விடவில்லை, அல்லது எனக்குக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில், வாக்களித்ததற்கு அடையாளமாகக் கொடுத்து, சட்டையில் ஒட்டிய ஸ்டிக்கரைத் தடவியபடி, இதற்கு நம் ஊர் விரல் மை எவ்வளவோ மேல் என்றார். ரயில் ஆணையருக்கு யாரைப் போட்டீர்கள் என்று சும்மா கேட்டு வைத்தேன். அப்பாவிடம் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்துவிட்டு, பசிக்கிறது, வழியில் ஏதாவது வாங்கித் தா என்றார்.